பேட்ச்சை ஒட்டுவதா, தைப்பதா? துணியைப் பார்த்து முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

அக்கா மகளின் டெனிம் ஜாக்கெட் ஒன்று போன மாதம் என் கைக்கு வந்தது. முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் எம்பிராய்டரி பேட்ச். இஸ்திரிப் பெட்டியால் அழுத்தி ஒட்டியது. மூன்று சலவை தாங்கியிருக்கிறது. நான்காவதில் ஒரு மூலை எழும்பி, காய்ந்த இலை போலச் சுருண்டு, அடியில் தூசியும் பஞ்சும் அப்பிக் கிடந்தது. "சித்தி, திரும்ப அயர்ன் பண்ணினா ஒட்டிக்கும்ல?" என்றாள்.

ஒட்டாது. பசையில் பஞ்சு ஏறிவிட்டால், சூட்டில் அது இளகினாலும் பஞ்சைத்தான் பிடிக்கும், ஜாக்கெட்டைப் பிடிக்காது. பஞ்சைச் சுரண்டி எடுத்துவிட்டு ஓரம் முழுக்கத் தைத்துக் கொடுத்தேன். அந்த ஒரு மணி நேரமும் மனதில் ஓடியது இதுதான்: முதல் நாளே தைத்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு இந்த வருத்தம் வந்திருக்காதே. பேட்ச் வாங்குகிற பெரும்பாலோர் அதன் பின்பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். பின்னால் பசை இருக்கிறதா, சரி, ஒட்டிவிடலாம். ஆனால் எப்படிப் பொருத்துவது என்பதை முடிவு செய்ய வேண்டியது பேட்ச் அல்ல, அது போய் உட்காரப்போகும் துணி. அந்தத் துணி எவ்வளவு சூடு தாங்கும், எவ்வளவு இழுபடும், எத்தனை முறை துவைக்கப்படும் என்பதுதான் கணக்கு.

துணியைச் சோதிப்பது

உள்பக்கத் தையலில் சலவைக் குறிப்புச் சீட்டு இருக்கும். அதில் இஸ்திரிப் பெட்டிப் படத்துக்குள் உள்ள புள்ளிகளைப் பாருங்கள். ஒரு புள்ளி என்றால் சுமார் 110 டிகிரி செல்சியஸ், இரண்டு என்றால் சுமார் 150, மூன்று என்றால் சுமார் 200. பருத்தியும் லினனும் மூன்று புள்ளித் துணிகள். கம்பளி, பட்டு, பாலியெஸ்டர் பெரும்பாலும் இரண்டு. நைலான், அக்ரிலிக் ஒன்று. பெட்டிப் படத்தின் மேல் குறுக்குக் கோடு போட்டிருந்தால் சூடே கூடாது. பேட்ச்சின் பசை இளக நல்ல சூடு வேண்டும். ஆகவே ஒரு புள்ளித் துணியில் ஒட்டும் பேச்சே வேண்டாம். என்னுடைய நைலான் மழைக்கோட்டில் ஒரு முறை அவசரப்பட்டுப் பெட்டியை வைத்தேன். ஐந்தே நொடியில் துணி சுருங்கிப் பளபளவென்று கண்ணாடித்தாள் போல ஆனது. அந்த இடத்தை எதைக் கொண்டும் மீட்க முடியவில்லை.

அடுத்து, துணியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பாருங்கள். டி-சர்ட், ஸ்வெட்டர் போன்ற பின்னல் துணிகள் நீளும், பேட்ச் நீளாது. நீளாத ஒன்றை நீளும் ஒன்றின் மேல் வைத்தால் சுற்றிலும் சுருக்கம் விழும். இதற்கு வழி இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

மூன்றாவதாக, ஊசித் துளையைத் துணி தாங்குமா என்று யோசியுங்கள். டெனிமில் ஊசியை உருவினால் துளை மூடிக்கொள்ளும். தோலில் மூடாது, என்றைக்கும் நிற்கும். மழைக்கோட்டில் துளை விழுந்தால் தண்ணீர் உள்ளே வரும். இறகு அடைத்த ஜாக்கெட்டில் துளை வழியாக இறகு வெளியே வரும்.

கடைசியாக உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: இந்தப் பேட்ச் இங்கேயே இருக்கப்போகிறதா, இல்லை ஒரு நாள் கழற்ற வேண்டியிருக்குமா? குழந்தையின் சட்டை அடுத்த வருடம் தம்பிக்குப் போகும் என்றால் பதில் வேறு. பத்து வருடம் போடப்போகும் ஜாக்கெட் என்றால் வேறு.

பேட்ச்சைத் திருப்பிப் பார்ப்பது

பின்பக்கம் வெறும் துணியாகவோ நூல் முடிச்சுகளாகவோ தெரிந்தால், அது தைக்க மட்டும். மெல்லிய பிளாஸ்டிக் தாள் போலப் பளபளப்பாக, சற்று விறைப்பாக இருந்தால், சூட்டில் இளகும் பசை. உரித்தெடுக்கும் காகிதம் இருந்தால் அது ஸ்டிக்கர். ஒரு மாலை நிகழ்ச்சிக்குத் தாங்கும், சலவைக்குத் தாங்காது. சொரசொரப்பான கொக்கிகள் இருந்தால் வெல்க்ரோ.

பளபளப்புப் பசை இருக்கிறது என்பதற்காக ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அதை ஒட்டாமலே தைக்கலாம். ஊசியில் பசை பிசுபிசுவென்று ஏறும், அவ்வளவுதான். நடுநடுவே ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் ஊசியைத் துடைத்துக்கொண்டால் போதும்.

பேட்ச் எதனால் ஆனது என்பதையும் கவனியுங்கள். ரப்பர் போன்ற பிவிசி பேட்ச் சூட்டில் உருகிவிடும், அதன் மேல் இஸ்திரிப் பெட்டி படவே கூடாது. அதன் விளிம்பில் ஓடும் சிறு பள்ளம் தையலுக்காகவே விட்டது. பூந்துவாலை போலப் புசுபுசுவென்று இருக்கும் ஷெனில் பேட்ச்சை மேலிருந்து அழுத்தினால் அதன் உயிரே போய்விடும்.

இடத்துக்கு ஏற்ற பேட்ச் என்றதும் எனக்கு எப்போதும் நினைவுக்கு வருவது நிலவுப் பயணம்தான். 1967-இல் அப்போலோ 1 கலத்தில் தீப்பிடித்து மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். அதன்பின் விண்வெளி உடையின் வெளி அடுக்கு, எளிதில் தீப்பிடிக்காத பீட்டா துணிக்கு மாறியது. கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய துணி அது. 1969-இல் அப்போலோ 11 வீரர்கள் அணிந்த உடையில் இருந்த சின்னம் எம்பிராய்டரி அல்ல. அதே பீட்டா துணியில் அச்சிட்டுத் தைத்தது. உடை தாங்க வேண்டியதை அதன்மேல் உட்காரும் பேட்ச்சும் தாங்க வேண்டும் என்று அவர்கள் யோசித்திருக்கிறார்கள். நம் சட்டைக்கும் அதே யோசனைதான்.

எந்த முறையாக இருந்தாலும் முதலில் செய்ய வேண்டியவை

புதுத் துணியை ஒரு முறை துவைத்துக் காயவையுங்கள். பருத்தி முதல் சலவையில் சுருங்கும். பேட்ச் வைத்த பிறகு சுருங்கினால், பேட்ச் நடுவில் உப்பிக்கொண்டு நிற்கும். அந்தச் சலவையில் துணியை மென்மையாக்கும் திரவம் சேர்க்க வேண்டாம். அது இழையின் மேல் ஒரு பூச்சாகப் படிந்து பசையை ஒட்டவிடாது.

பேட்ச் சாயம் விடுமா என்று பார்க்க வேண்டும், சிவப்பும் கருநீலமும் இருந்தால் கட்டாயம். வெள்ளைத் துணியை நனைத்துப் பேட்ச் மேல் சில நிமிடம் அழுத்தி வையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால், வெளிர் நிறச் சட்டையில் அந்தப் பேட்ச் வேண்டாம்.

இடத்தைக் குறிக்கும்போது உடுப்பைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நில்லுங்கள். மேசைமேல் நேராகத் தெரிந்த பேட்ச், தோளின் சரிவில் கோணலாகத் தெரியும். சரியான இடத்தில் இரண்டு ஊக்கு குத்திப் பிடித்துவிட்டு, கழற்றிய பிறகு சாக்கட்டியால் சுற்றி வரையுங்கள். பை இருக்கும் இடம் என்றால், பையின் வாயைத் தைத்து அடைத்துவிடப் போகிறோமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறையப் பேர் இதைத் தைத்து முடித்த பிறகுதான் கவனிக்கிறார்கள்.

இஸ்திரிப் பெட்டியால் ஒட்டுவது

பருத்தி, டெனிம், கேன்வாஸ் போன்ற சூடு தாங்கும், நீளாத துணிகளுக்கு இது சரி. முழங்கை, முழங்கால் போல மடங்கும் இடங்களுக்குச் சரிப்படாது. ஒவ்வொரு மடிப்பிலும் பசை விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

1. கெட்டியான, தட்டையான மேசைமேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்து, அதன்மேல் உடுப்பை வையுங்கள். மெத்தென்ற பலகை வேண்டாம், அழுத்தம் அதில் அமுங்கிவிடும்.

2. பெட்டியில் தண்ணீர் இருந்தால் கொட்டிவிடுங்கள். நீராவி கூடாது. பேட்ச்சோடு வந்த குறிப்பில் சொன்ன சூட்டை வைத்து, முதலில் வெறும் துணியை ஒரு முறை தேய்த்து ஈரத்தை விரட்டுங்கள்.

3. பேட்ச்சைக் குறித்த இடத்தில் வைத்து, மேலே மெல்லிய பருத்தித் துணியையோ பேக்கிங் காகிதத்தையோ போடுங்கள்.

4. பெட்டியை வைத்து உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். தேய்க்காதீர்கள், தேய்த்தால் இளகிய பசைமேல் பேட்ச் நகரும். ஓரிடத்தில் 15 முதல் 30 நொடி. பிறகு தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பெட்டியின் அடியில் நீராவித் துளைகள் இருந்தால் அந்த இடங்களில் சூடு குறைவாக இறங்கும். அதனால் இரண்டாம் சுற்றில் பெட்டியைச் சற்று நகர்த்தி வையுங்கள். ஓரங்களுக்குக் கூடுதல் கவனம்.

5. உடுப்பை உள்பக்கம் திருப்பி, அங்கிருந்தும் அதே போல அழுத்துங்கள். பலர் விட்டுவிடுவது இதைத்தான். எம்பிராய்டரி பேட்ச் தடிமனானது. மேலிருந்து வரும் சூட்டை நூல்களே குடித்துவிடும். உள்பக்கத்தில் சட்டைத் துணி ஒன்றுதான் தடை, சூடு நேராகப் பசையைச் சேரும்.

6. முழுக்க ஆறும்வரை தொடாதீர்கள். இளகிய பசை இழைகளுக்குள் இறங்கி, ஆறும்போதுதான் இறுகிப் பிடிக்கிறது. சூடாக இருக்கும்போது பிய்த்துப் பார்த்தால், பிடிக்கப் போனதையும் கெடுக்கிறோம். ஆறியபின் ஓரத்தை நகத்தால் நெம்பிப் பாருங்கள். எழும்பினால் அந்த இடத்துக்கு மட்டும் இன்னொரு முறை.

ஒரு நாள் கழிந்த பிறகே துவைக்கலாம். ஒட்டியதோடு நிறுத்தாமல் ஓரத்தில் ஒரு சுற்றுத் தைத்துவிடுங்கள் என்றுதான் எல்லோருக்கும் சொல்வேன். பேட்ச்சை நகராமல் பிடித்துக்கொள்ளத்தான் பசை, தாங்கப்போவது நூல்.

கையால் தைப்பது

எனக்குப் பிடித்த முறை இது. எந்தத் துணிக்கும் ஏறக்குறைய ஒத்துவரும், எப்போது வேண்டுமானாலும் பிரிக்கலாம், இயந்திரம் எட்டாத சட்டைக் கையிலும் தொப்பியிலும்கூடத் தைக்கலாம்.

பாலியெஸ்டர் நூல் எடுங்கள், பருத்தி நூலைவிட உரசலைத் தாங்கும். நிறம் சட்டைக்கு அல்ல, பேட்ச்சின் ஓரப் பின்னலுக்குப் பொருந்த வேண்டும். விரல்நுனியிலிருந்து முழங்கைவரை நீளம் போதும். சோம்பல்பட்டு நீளமாக எடுத்தால் சிக்கு எடுப்பதிலேயே நேரம் போகும். டெனிமுக்கு இரட்டை நூல், நூலைத் தேன்மெழுகில் ஒரு முறை இழுத்துவிட்டால் முறுக்கிக்கொள்ளாது. கெட்டித் துணியில் ஊசியைத் தள்ள, விரல்நுனியில் மாட்டும் உலோக உறை இருந்தால் விரல் பிழைக்கும்.

பேட்ச்சை நான்கு பக்கமும் குண்டூசியால் பிடியுங்கள். பெரிய பேட்ச் என்றால் குண்டூசியை நம்பாமல், நடுவே குறுக்கும் நெடுக்குமாகத் தற்காலிகத் தையல் இரண்டு வரி போட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் உருவிவிடலாம். சட்டைக் கையில் தைக்கும்போது, உள்ளே ஒரு பழைய பத்திரிகையைச் சுருட்டிச் செருகினால் ஊசி மறுபக்கத் துணியைச் சேர்த்துப் பிடிக்காது.

இனி தையல். எம்பிராய்டரி பேட்ச்சைச் சுற்றித் தடித்த கயிறு போல ஒரு விளிம்பு ஓடும், உற்றுப் பார்த்தால் அதில் நூல்கள் சாய்வாக, நெருக்கமாகப் படிந்திருக்கும். முடிச்சு பேட்ச்சுக்கும் துணிக்கும் நடுவே மறையும்படி தொடங்குங்கள். துணியின் உள்பக்கத்திலிருந்து ஊசியை ஏற்றி, அந்த விளிம்பின் உள்கரையில் வெளியே கொண்டுவாருங்கள். விளிம்பைத் தாண்டி, அதன் வெளிக்கரையை ஒட்டினாற்போல் துணிக்குள் இறக்குங்கள். அடுத்தது 3 மி.மீ. தள்ளி. உங்கள் நூல், விளிம்பு நூல்கள் சாய்ந்திருக்கும் அதே பக்கம் சாய்ந்து படியட்டும். நிறமும் சாய்வும் ஒத்துப்போனால் தையல் அந்தப் பள்ளங்களில் இறங்கி மறைந்துவிடும். பேட்ச் தானாகவே துணியில் முளைத்தது போல இருக்கும். நூலை இழுக்கும்போது துணி சுருங்காத அளவுக்கு மட்டும் இழுங்கள். மூலைகளில் கூடுதலாக இரண்டு தையல், எழும்புவது எப்போதும் மூலையிலிருந்துதான்.

முடிக்கும்போது உள்பக்கத்தில் ஒரே இடத்தில் மூன்று சிறு தையல் போட்டு, ஊசியை இரு துணிகளுக்கும் நடுவே ஓட்டி, ஓர் அங்குலம் தள்ளி வெளியே எடுத்து நறுக்குங்கள். வால் உள்ளேயே தங்கிவிடும், பிரியாது.

ஓரப் பின்னல் இல்லாத, நீங்களே வெட்டிய துணியைப் பேட்ச்சாக வைக்கிறீர்கள் என்றால், ஓரத்தை 5 அல்லது 6 மி.மீ. உள்ளே மடித்துத் தேய்த்துவிட்டுத் தையுங்கள். மடிப்பு வேண்டாமென்றால் காஜா எடுப்பது போல நெருக்கமாக ஓரத்தைச் சுற்றித் தைக்கலாம். அந்தத் தையலே ஓர் அலங்காரம்.

தையல் இயந்திரத்தில்

ஒரே மாதிரிப் பேட்ச் இருபது சட்டைக்கு வைக்க வேண்டுமென்றால் இயந்திரம்தான். டெனிமுக்கு 90 அல்லது 100 எண் ஊசி. மேல் நூல் பேட்ச் ஓரத்தின் நிறம், பாபின் நூல் சட்டையின் நிறம். ஜிக்ஜாக் தையல் விளிம்பை அணைத்துப் பிடிக்கும், நேர்த்தையல் என்றால் விளிம்பின் உள்கரையில் ஓட்டுங்கள். திருப்பங்களில் ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்ப வேண்டும். தடித்த இடத்தில் மோட்டாரை நம்பாமல் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள்.

டி-சர்ட்டும் மற்ற நீளும் துணிகளும்

முன்பு சொன்ன சுருக்கத்துக்கு மருந்து, உள்பக்கத்தில் ஒரு தாங்குதுணி. காலருக்கு வைக்கும் மெல்லிய கேன்வாஸை, பேட்ச்சைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக வெட்டி உள்ளே வைத்துச் சேர்த்துத் தையுங்கள். துணியை இழுத்துப் பிடிக்காமல், தளர்வாகக் கிடக்கும் நிலையிலேயே தைக்க வேண்டும். முனை உருண்ட ஊசி பயன்படுத்துங்கள். கூர் ஊசி பின்னலின் இழையை அறுக்கும், அந்த இடத்திலிருந்து ஓட்டை ஓடும். டி-சர்ட்டுக்குப் பேட்ச்சும் சிறியதாக, மெல்லியதாக இருக்கட்டும். கனமான பேட்ச் மார்புப் பக்கம் தொங்கி, சட்டையையே கீழே இழுக்கும்.

பசை

தைக்கவும் முடியாது, சூடும் ஆகாது என்ற இடத்துக்குத் துணிப்பசை. காய்ந்த பிறகும் வளைகிற பசையா என்று பார்த்து வாங்குங்கள். பேட்ச்சின் பின்னால் மெல்லிய பூச்சு, ஓரத்தில் 3 மி.மீ. இடம் விட்டு. மேலே கனமான புத்தகத்தை வைத்து ஒரு நாள் விடுங்கள். முதல் சலவைக்குப் புட்டியில் சொன்ன நாள்வரை காத்திருக்க வேண்டும்.

ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: நொடியில் ஒட்டும் சூப்பர் குளூவைத் துணியில் ஊற்றாதீர்கள். பருத்தி, கம்பளி இழைகளில் பட்டதும் அது வேகமாக இறுகி, தோலைச் சுடும் அளவுக்குச் சூடாகும், புகைகூட வரும். காய்ந்தபின் கண்ணாடி போல உடையவும் செய்யும். உடுத்தியிருக்கும் சட்டையில் அதை வைத்து எதையும் ஒட்டவே கூடாது.

வெல்க்ரோ, ஊக்கு

ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல், 1941-இல் நடைப்பயிற்சி போய்வந்தபோது தன் உடையிலும் நாயின் ரோமத்திலும் ஒட்டிய முள்காய்களை உருப்பெருக்கியில் பார்த்து யோசித்ததுதான் வெல்க்ரோ. 1955-இல் காப்புரிமை பெற்றார். இன்று ராணுவ உடைகளில் பேட்ச்சை மாற்றி மாற்றி வைக்க இதுதான் உதவுகிறது. பேட்ச்சைக் கழற்றி மாட்ட விரும்புபவர்களுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

மென்மையான வளையப் பகுதியைச் சட்டையிலும், சொரசொரப்பான கொக்கிப் பகுதியைப் பேட்ச்சிலும் தையுங்கள். மாற்றி வைத்தால், பேட்ச் இல்லாத நாளில் கொக்கி வெளியே தெரிந்து கண்ட துணியையும் பிராண்டும். துவைக்கும்போது பேட்ச்சைக் கழற்றிவிட்டுத் துவைக்கலாம், இதில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

ஊக்கு ஒரு நாளைக்கு. துரு ஏறாத ஊக்காக இருக்கட்டும், பட்டில் குத்த வேண்டாம்.

தோல், மழைக்கோட்டு, இறகு ஜாக்கெட்

தோலில் குண்டூசி குத்தாதீர்கள், அந்தத் துளையும் நிற்கும். கிளிப் போட்டுப் பிடித்து, தோலுக்கான ஊசியால் ஒரே முறையில் தையுங்கள். ஊசி இறங்கும் இடங்களை முன்கூட்டியே குறித்துக்கொள்வது நல்லது. தையல் இடைவெளி மிக நெருங்கினால், தபால்தலை ஓரம் போலத் தோல் அந்த வரியிலேயே கிழியும். மழைக்கோட்டில் தைத்தே ஆக வேண்டுமென்றால், உள்பக்கம் துளைகளின் மேல் தையல் அடைக்கும் பசையைத் தடவுங்கள். இறகு ஜாக்கெட்டில் தைக்காமல், அதற்கென்றே வரும் ஒட்டுப்பட்டைகளைப் பயன்படுத்துங்கள்.

துவைப்பதும் கழற்றுவதும்

பேட்ச் வைத்த உடுப்பை உள்பக்கம் திருப்பிக் குளிர்ந்த நீரில் துவைத்து, நிழலில் காயப்போடுங்கள். பேட்ச் இருக்கும் இடத்தை முறுக்கிப் பிழிய வேண்டாம். சூடான டிரையர் ஒட்டுப்பசையை மறுபடி இளக்கும்.

தைத்ததைக் கழற்ற, உள்பக்கத்திலிருந்து நாலைந்து தையலுக்கு ஒன்றாக நூலை நறுக்கிக்கொண்டே போங்கள். பிறகு மேலே இழுத்தால் பேட்ச் வந்துவிடும். ஒட்டியதை, துணி போட்டு இஸ்திரிப் பெட்டியால் சூடேற்றி, இளகியிருக்கும்போதே ஒரு மூலையிலிருந்து மெதுவாக உரியுங்கள். மிச்சப் பசையை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைக்கலாம், உள்மடிப்பு ஒன்றில் சாயம் போகிறதா என்று சோதித்த பிறகு. நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன் அசிட்டேட் துணியையே கரைத்துவிடும், அதைத் தொட வேண்டாம்.

டெனிமில் ஊசித் துளைகள் தெரிந்தால், ஈரத்துணியால் ஒற்றி நகத்தால் குறுக்கும் நெடுக்கும் வருடுங்கள், இழைகள் கூடி வந்து மூடும். ஆனால் பேட்ச் மறைத்திருந்த இடம் வெளுக்காமல் பழைய நிறத்திலேயே இருக்கும். அந்தத் திட்டு எளிதில் மறையாது. அக்கா மகளுக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன்: அந்தப் பேட்ச்சை என்றைக்காவது எடுப்பதாக இருந்தால், அதைவிடச் சுற்றிலும் ஒரு விரற்கடை பெரிய பேட்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு எடு.